ஈர வைக்கோலும் பூசண நூலும்

நெசவாளர் வீட்டிலும் குடியானவர் வீட்டிலும் இருமலைப் பற்றி எவரும் பெரிதாகப் பேசுவதில்லை. “தூசில் வேலை செய்கிறோம், இருமத்தானே செய்யும்” என்று சொல்லிச் சுக்குக் கஷாயத்தோடு விட்டுவிடுகிறார்கள். அந்த விடையில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியை அறியாதிருப்பதனால் நல்ல உழைப்பாளிகள் பலர் நாற்பது, நாற்பத்தைந்து வயதிலேயே மாடிப்படி ஏறவும் மாட்டாதவர்களாகிவிடுகின்றனர். தூசுகளெல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல. சாலையில் எழும் மண் தூசு வேறு. மழையில் நனைந்து, ஈரத்தோடு கட்டி வைக்கப்பட்டு, பூசணம் பூத்து, பின்னர் உலர்ந்துபோன வைக்கோலிலிருந்து எழும் தூசு முற்றிலும் வேறு. பின்னது உயிருள்ள தூசு. அடைபட்ட அறைக்குள் அது நம் நுரையீரலுக்குச் செய்யும் கேட்டைப் பற்றியே இங்கே எழுத முற்படுகிறோம்.

நாம் இழுக்கும் மூச்சு தொண்டையைக் கடந்து, மரக்கிளைபோல் பிரிந்து பிரிந்து செல்லும் குழல்களின் வழியே சென்று, முடிவில் முப்பது கோடிக்குக் குறையாத நுண்ணிய காற்றறைகளை அடைகிறது. இரத்தம் பிராணவாயுவைப் பெறும் இடம் அதுவே. பருமனான தூசு மூக்கிலும் தொண்டையிலும் சளியில் சிக்கி வெளியே வந்துவிடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்து அதில் ஒரு கூறளவே உள்ள துகள்களோ, காவலைக் கடந்து காற்றறை வரையில் சென்றுவிடும். ஈர வைக்கோலில் விளையும் ஆக்டினோமைசீட் என்னும் நுண்ணுயிர்களின் வித்துக்கள் ஏறத்தாழ இந்த அளவினவே. பூசணங்களின் வித்துக்கள் பலவும் இதைவிடச் சிறிதே பெரியவை. கண்ணுக்குத் தெரிகிற தூசைக் கண்டு நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். கேடு செய்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாததே.

வெஸ்ட்மோர்லாந்துக் குடியானவர்கள்

தானியம் சலிப்பவரும் அளப்பவரும், சணல் சிக்கெடுப்பவரும் மூச்சு நோயால் வருந்துவதை இத்தாலிய வைத்தியரான பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-இல் வெளியிட்ட நூலிலேயே எழுதி வைத்தார். ஆயினும் அந்நோயின் போக்கைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் வட இங்கிலாந்தில் வெஸ்ட்மோர்லாந்துப் பகுதிக் குடியானவர்களைக் கண்ட டாக்டர் காம்ப்பெல் ஆவார். 1931-ஆம் ஆண்டின் கோடையில் அங்கே விடாமழை. மாட்டுக்கென அறுத்த புல் சரியாகக் காயாமலே கொட்டகைக்குள் சென்றது. குளிர் காலத்தில் அதைப் பிரித்து உதறியவர்களுக்குச் சில மணி நேரம் கழித்து மூச்சு முட்டலும் இருமலும் கண்டன. 1932-இல் அவர் வெளியிட்ட குறிப்புக்குப் பின்னரே “குடியானவர் நுரையீரல் நோய்” என்ற பெயர் நிலைபெற்றது.

காரணம் அப்போது துலங்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கிரிகரி, லேசி முதலியோர் புல்லை வெவ்வேறு ஈரப்பதத்தில் கட்டி வைத்துப் பார்த்தார்கள். குடியானவர் எவருக்கும் இச்சோதனை விளங்கும். சுமார் 16 விழுக்காடு ஈரமுள்ள கட்டு குளிர்ந்தபடியே கிடந்தது, பூசணமும் அதிகமில்லை. 25 விழுக்காடு ஈரமுள்ளது சூடேறிச் சாதாரணப் பூசணங்களைப் பூத்தது. 40 விழுக்காடு ஈரத்தோடு கட்டியதோ 60 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் கொதித்தது. அந்த உஷ்ணத்தில் மற்றக் கிருமிகள் மடிய, அதையே விரும்பி வளரும் ஆக்டினோமைசீட்டுகள் கட்டு முழுவதும் பரவின. 1963-இல் டாக்டர் ஜாக் பெப்பிசும் அவருடைய உடனுழைப்பாளரும் நோயுற்ற குடியானவர்களின் இரத்தத்தில் இவ்வுயிர்களுக்கு எதிரான பொருள்கள் இருப்பதைக் காட்டினர். அத்துடன் வழக்கு முடிந்தது எனலாம். பூசணம் பூத்த புல்லைக் கொட்டகைக்குள் உதறுகிறவனுடைய நுரையீரலில் ஒரு நிமிடத்தில் ஏழரை லட்சம் வித்துக்கள் வரை தங்கக்கூடும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள்.

நம் ஊரில் அறுப்பது நெல். எனினும் குறுவை அறுப்பு ஐப்பசி மழையோடு முட்டிக்கொள்ளும் ஆண்டுகளில், இயந்திரம் அறுத்து, மற்றோர் இயந்திரம் உருளையாகச் சுருட்டிக் கட்டும் வைக்கோலின் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தவர்கள் அதன் சூட்டை அறிவார்கள். கையால் அறுத்துக் களத்தில் பரப்பிக் காயவைத்துப் போர் போட்ட காலத்தில் வெயிலும் காற்றும் செய்த வேலையை இப்போது எவரும் செய்வதில்லை. இயந்திரத்தின் மேல் குறை சொல்லுவது நம் கருத்தன்று. கட்டுவதற்கு முன் காயவேண்டிய பொழுதை அதற்குக் கொடுக்காதது நம்முடைய அவசரமே.

கடிகாரம் காட்டும் நோய்

இந்நோயை அறிவதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. தூசு பட்டவுடன் வருவது தும்மலும் கரகரப்பும் மட்டுமே. அவை எல்லாருக்கும் வரும். நோய் வருவது நான்கு முதல் எட்டு மணி நேரம் சென்ற பிறகு. காலையில் வைக்கோலைப் பிரித்துப் போட்டவனுக்கு மாலையில் குளிர் எடுக்கும், உடம்பு வலிக்கும், ஜுரம் வரும், வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் சேரும். ஓரிரு நாளில் தாமே நீங்கிவிடும். இடைப்பட்ட நேரம் நீண்டதாகையால் காலை வேலைக்கும் மாலை ஜுரத்திற்கும் எவரும் முடிச்சுப் போடுவதில்லை. மழையில் நனைந்ததால் வந்தது, தண்ணீர் மாறியதால் வந்தது என்று வேறு காரணம் கற்பித்துக்கொள்கிறோம்.

மேலும் ஒரு சங்கடம். ஒரே போரைப் பிரித்த பலரில் சிலருக்கே இது வரும். மற்றவர் நலமாக இருப்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி இவ்வித்துக்களைப் பகைவராகக் கொண்டு பொங்கியெழுவதனால் விளையும் அழற்சி இது. அந்தப் பொங்குதல் எல்லா உடம்பிலும் ஒன்றுபோல் நிகழ்வதில்லை. “எங்களுக்கெல்லாம் ஒன்றுமில்லையே, உனக்கு மட்டும் என்ன?” என்று நோயாளியைச் சோம்பேறி ஆக்கிவிடுவது இதனால்தான். பேச்சுக்கு அஞ்சி அவன் மறுபடியும் அதே கொட்டகைக்குள் போகிறான். இவ்வாறு பல முறை நேர்ந்தபின், ஜுரம் வராமலே மூச்சு மட்டும் சிறுகச் சிறுகக் குறையத் தொடங்கும். மெல்லிய காற்றறைகளின் சுவர் தழும்பேறித் தடித்துவிடும். தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்றும் இல்லை. முதல் சில மாலை ஜுரங்களிலேயே கண்டுகொண்டு தூசிலிருந்து விலகினாலோ, பெரும்பாலோர் முற்றும் குணமடைகின்றனர். ஆகவேதான் இந்தக் கடிகாரக் கணக்கை இவ்வளவு விரித்துச் சொல்லுகிறோம்.

மாலை ஜுரம், இருமல், உடல் மெலிவு என்று சொன்னவுடன் நம் நாட்டில் வைத்தியருக்கு முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அது நியாயமே. காசநோயும் அடைபட்ட அறையின் காற்றில் பரவுவதுதான். சளிச் சோதனையை ஒருபோதும் தட்டக்கூடாது. ஆனால் சோதனையில் கிருமி காணாதபோது, வேலையை விட்டு நான்கு நாள் வெளியூர் சென்றால் ஜுரம் நிற்கிறதா, திரும்பி வந்து அதே வேலையைத் தொட்ட அன்று மாலை வருகிறதா என்று பார்க்க வேண்டும். காசநோய் ஜுரம் வேலைக்கு விடுமுறை விட்டதனால் நிற்பதில்லை. இந்த விவரத்தை நோயாளி தாமாகச் சொன்னாலன்றி, கூட்டம் மிகுந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டறிவது அரிது.

கரும்புச் சக்கையும் இவ்வகையைச் சேர்ந்ததே. பிழிந்த சக்கையைக் குவித்து வைத்து, மாதங்கள் கழித்து அட்டை செய்யப் பிரிக்கும்போது எழும் தூசினால் வரும் நோயை நம் நாட்டில் 1955-இல் கல்கத்தாவை அடுத்த அட்டைத் தொழிற்சாலை ஒன்றில் கங்குலி, பால் என்னும் இருவர் கண்டறிந்து வெளியிட்டனர். ஆலையிலிருந்து வந்த புதுச் சக்கை கெடுதல் செய்வதில்லை. குவியலில் வெந்து பூசணம் பூத்த சக்கையே கெடுதல் செய்வது. சக்கையின் மேல் 2 விழுக்காடு புரோபியானிக் அமிலக் கரைசலைத் தெளித்து வைத்தால் பூசணம் அடங்கும். சிறு சக்கைக் குவியலைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு வெல்லம் காய்ச்சுகிற கரும்பு விவசாயிகளும் பழைய குவியலைக் காற்றுக்கு எதிரே நின்று கிளறாதிருப்பது நலம்.

பஞ்சும் நூலும்

இனி நெசவாளர் பக்கம் வருவோம். பருத்தித் தூசினால் வரும் நோய்க்குப் பிசினோசிஸ் என்று பெயர். ஆலைகளில் அதைத் “திங்கட்கிழமை நோய்” என்பார்கள். ஞாயிறு ஓய்ந்திருந்து திங்கட்கிழமை வேலைக்கு வருகிறவனுக்கு அன்று பிற்பகல் மார்பை இறுக்கிக் கட்டியதுபோல் இருக்கும், செவ்வாய்க்கிழமை தெளிந்துவிடும். சில ஆண்டுகளில் செவ்வாயும் இறுக்கும், பிறகு புதனும். கடைசியில் எல்லா நாளும் திங்கட்கிழமையே. லங்காஷயர் ஆலைகளில் இதை ஆராய்ந்த டாக்டர் ரிச்சர்டு ஷில்லிங் இப்படி நாளுக்கு நாள் பரவும் முறையைக் கொண்டே நோயைப் படிப்படியாகத் தரம் பிரித்தார். மாதம் முழுதும் நெய்து அமாவாசையன்று தறியை நிறுத்தும் வழக்கமுள்ள ஊர்களில், அமாவாசைக்கு மறுநாள் மார்பு எப்படியிருக்கிறது என்று கவனிப்பது இதே சோதனையாகும்.

பருத்தி இழை இதற்குக் குற்றவாளி அன்று. செடியில் காய் வெடித்துப் பஞ்சு வெளிவரும்போது, உடன் ஒட்டிவரும் காய்ந்த இலைத்தூளிலும் காம்பிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்களே முதற் காரணம். அவற்றின் மேலுறையில் எண்டோடாக்சின் என்னும் நச்சுப் பொருள் இருக்கிறது. பாக்டீரியா செத்தாலும் நச்சு சாவதில்லை. இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்பது இதற்கே பொருந்தும். 1987-இல் அமெரிக்காவில் காஸ்டெல்லனும் அவர் கூட்டத்தாரும் பலவகைப் பஞ்சுகளின் தூசை மனமுவந்து வந்தவர்களைச் சுவாசிக்கச் செய்து பார்த்தனர். மூச்சுத் திறன் குறைந்தது தூசின் எடைக்கு ஏற்ப அன்று. அதிலிருந்த எண்டோடாக்சின் அளவுக்கு ஏற்ப. தூசு கொஞ்சந்தானே என்று சமாதானம் செய்துகொள்வது தவறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

சீனத்தில் ஷாங்காய் நகர ஆலைகளில் 1981-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சி நமக்கு மிகவும் பொருந்துவது. பருத்தி ஆலைத் தொழிலாளர்களையும் பட்டு ஆலைத் தொழிலாளர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். பருத்தி ஆலைக்காரர்களின் மூச்சுத் திறன் பட்டுக்காரர்களுடையதைக் காட்டிலும் விரைவாகக் குறைந்து வந்தது. வேலையை விட்டபின் அந்தக் குறைவு ஓரளவு மீண்டது. புகை பிடிப்பவர்களுக்கு மீட்சியும் குறைவே. இங்கே ஒரு விந்தையைச் சொல்லலாம். முன்னே சொன்ன குடியானவர் நோய் புகை பிடிப்போரிடம் குறைவாகவே காணப்படுகிறது. இதைக் கேட்டுப் பீடிக்கட்டை எடுக்க வேண்டாம். அவர்களுக்கு வந்துவிட்டால் நோய் மேலும் கடுமையாகிறது.

நூலாக முறுக்கி, சிட்டாவாகக் கட்டி நம்மிடம் வரும்போது பெரும்பகுதி இலைத்தூள் ஆலையிலேயே உதிர்ந்துவிடுகிறது. ஆகவே புளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்பவருக்குள்ள ஆபத்து நெசவாளருக்கு இல்லை. நெசவாளருக்கு வேறொரு வழியில் வருகிறது: கஞ்சியின் வழியாக. மாவுக் கஞ்சி மனிதனுக்கு உணவாவதுபோலவே பூசணத்திற்கும் உணவு. கஞ்சி தோய்த்த பாவு முழுதும் உலராமல் சுருட்டப்பட்டு, காற்றில்லாத அறையில் சில நாள் கிடந்தால் கருப்பும் பச்சையுமாகப் புள்ளி விழும். அதைத் தறியில் ஏற்றி, பண்ணை ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் உலர்ந்த வித்துக்கள் நெய்பவரின் முகத்துக்கு நேரே எழும்புகின்றன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கில நாட்டு நெசவுக் கூடங்களில் திடீர் திடீரெனத் தோன்றிய “நெசவாளர் இருமல்” பெரும்பாலும் இப்படிப் பூசணம் பூத்த நூலினால் வந்ததென்றே கருதப்பட்டது.

1957-இல் அந்நாட்டு மருத்துவ ஏடொன்றில் வெளிவந்த அறிக்கை இன்னும் சுவையானது. நெசவாளரிடையே தோன்றிய இருமலை ஆராய்ந்தபோது, பாவுக்குக் கஞ்சியாகப் பயன்படுத்திய புளியங்கொட்டைத் தூளோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டது. நம் தோப்புப் புளியின் கொட்டை அங்கே போய் இருமலை உண்டாக்கியது! பூசணம் மட்டுமன்றி, விதைகளின் நுண்தூளும் சில நெஞ்சுகளுக்கு ஒவ்வாமற் போகும் என்பதற்கு இது சான்று. புளியங்கொட்டைத் தூளைக் கரைக்கும் வேலையை மூடிய அறையில் செய்யாமல் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ செய்வது நல்லது.

நெசவாளரின் தர்மசங்கடத்தையும் மறந்து பேசலாகாது. காற்று உலர்ந்திருந்தால் பருத்தி நூல் அறும். ஆதலால் ஜன்னலைச் சாத்தி, தரையை நனைத்து, தறிமேடையில் ஈரம் காப்பது பரம்பரை வழக்கம். லங்காஷயரில் இதற்காக நெசவுக் கூடத்துக்குள் நீராவியையே விட்டார்கள்; அது அளவு கடந்து போகவே 1889-இல் பருத்தித் துணித் தொழிற்சாலைச் சட்டம் இயற்றி ஈரத்துக்கு வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. நூலுக்கு வேண்டிய ஈரம் வேறு, சுவருக்கும் தறிக்குழிக்கும் ஏறுகிற ஈரம் வேறு. அடைமழையில் குழியில் நீர் ஊறித் தறி நின்றுபோகும் நாட்கள் உண்டல்லவா? நீர் வற்றி மறுபடியும் கால் வைக்கும் நாளே மிகவும் ஆபத்தான நாள். அன்று குழியைச் சுரண்டிக் கழுவி, கதவு ஜன்னல்களைத் திறந்து உலரவிட்டு, சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்த பிறகே பாவு ஏற்ற வேண்டும். இரண்டு நாள் கூலி போகும். போகட்டும் என்று நாம் எளிதாக எழுதிவிடலாம். அந்தக் கூலி எவ்வளவு என்பதை அங்கத்தினர் அறிவார்கள். ஆகவே இச்செலவைத் தனி நெசவாளர் தலையில் மட்டும் சுமத்தாமல் மழைக்கால நிவாரணம் பற்றிய பேச்சில் சங்கங்கள் சேர்த்துக்கொள்வது தகும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பிசினோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் அட்டவணையில் சேர்த்தது. அது ஆலைக்குள் இருப்பவருக்கு. வீட்டுத் தறியில் இருப்பவருக்கு அறிவிப்பதற்கு ஆளில்லை.

கிடங்கும் வீடும்

சங்கக் கிடங்கு என்பது பலருடைய விளைச்சல் ஒரே கூரையின் கீழ் தங்கும் இடம். ஒருவர் மூட்டையின் ஈரம் அடுத்தவர் மூட்டைக்கும் ஏறும். நெல்லைப் பல மாதம் வைப்பதாயின் ஈரம் 14 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. கொள்முதலில் 17 விழுக்காடு வரை ஏற்பார்கள், மழை மிகுந்த ஆண்டுகளில் அதையும் தளர்த்துவார்கள். கொள்முதலுக்கு ஏற்ற நெல் என்பதால் அது அடுக்கி வைப்பதற்கும் ஏற்றது என்று நினைத்துவிடலாகாது. மூட்டைகளைத் தரையில் படவிடாமல் பலகை மேல் அடுக்கி, சுவரை ஒட்டாமல் ஆள் நடக்கும் இடைவெளி விட்டால், பூசணமும் குறையும், கெட்ட மூட்டையைக் கண்டு எடுக்கவும் முடியும். மூட்டை தூக்கும் தொழிலாளிக்குத்தான் இத்தூசு முதலில் படுகிறது. அவர் அங்கத்தினர் அல்லராதலால் அவருடைய இருமல் நம் கூட்டங்களில் பேசப்படுவதில்லை.

சிப்பிக் காளான் வளர்க்கும் குடிசைகளைப் பற்றி ஒரு சொல். காளான் குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளுமுன் பறித்துவிட வேண்டும். தாமதித்தால் அது புகைபோல் வித்தைக் கொட்டும். சந்தையில் விலையும் குறையும், பறிப்பவரின் நுரையீரலும் கெடும். பறிக்கும் நேரத்தில் கதவைத் திறந்து வைத்திருப்பது அவசியம்.

வயலும் தறியும் இல்லாதவர்களுக்கு இந்நோய் வராது என்பதில்லை. நம் நாட்டில் 19 நகரங்களிலுள்ள 27 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து, நுரையீரல் தழும்பு நோய் வகைகளால் வருந்திய 1,084 பேரைப் பதிவு செய்து 2017-இல் வெளியிட்ட கணக்கில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருந்தது இந்த ஒவ்வாமை அழற்சியே. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏர்கூலர் காற்றில் இருந்தவர்கள். நனைந்த நாரின் ஊடே காற்றை இழுத்து வீசுவதுதானே அக்கருவி? நாரில் பூசணம் பூத்தால் அறை முழுதும் வித்து. கோடை முடிந்ததும் நீரை வடித்து உலர்த்தி, அடுத்த கோடையில் புது நார் போட்டுக் கொள்வது பெரிய செலவாகாது. புறாக்கூண்டைப் படுக்கையறை ஜன்னலுக்கு அருகில் வைப்பதையும் தவிர்க்க வேண்டும். அதன் எச்சத்தூள் இதே நோயை உண்டாக்கவல்லது.

தவிர்க்க முடியாமல் கெட்ட வைக்கோலையோ நூலையோ தொட நேர்ந்தால், அதை வெளியே எடுத்து வந்து, காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, நீர் தெளித்துத் தூசை அமர்த்திப் பிறகு பிரிக்க வேண்டும். தலைத்துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது மனத்திற்கு ஆறுதல் தருமேயன்றி, இத்தனை நுண்ணிய வித்துக்களைத் தடுக்காது. கொரோனாக் காலத்தில் நாம் பழகிய என்-95 முகக் கவசமே தடுக்கும். அதுவும் கன்னத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான். ஒரு முறை மூச்சு முட்டிய அனுபவம் உள்ளவர் கவசம் இட்டும் அவ்வேலைக்குப் போகாதிருப்பதே மேல். வேலை முடிந்ததும் துண்டையும் சட்டையையும் வாசலிலேயே களைந்து நீரில் போட்டுவிடலாம். வீட்டுக்குள் கொண்டுவந்து உதறினால், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் அந்தப் பங்கு போய்ச் சேரும்.